தறிக்குழியும் வரைபடமும்

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அண்ணாந்து பார்த்தே எழுதியிருக்கிறார்கள். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம், கைலாசநாதர் கோயில் விமானம், வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கல்சங்கிலி. இந்த ஊரின் பாதி வாழ்க்கை நடக்கிற இன்னொரு கட்டுமானத்தைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டுக் கூடத்தில் தரையை வெட்டி இறக்கிய ஒரு குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே இறக்கி, மிதிகளை மிதித்தபடி நெய்கிறார்கள். தறிக்குழி. கலை வரலாறு எழுதுகிறவருக்கும் சரி, அரசாங்கப் பொறியாளருக்கும் சரி, இது கட்டிடத்தின் ஓர் உறுப்பாகத் தெரிவதில்லை. பள்ளமாகத் தெரிகிறது. பள்ளத்தை என்ன செய்வார்கள்? நிரவுவார்கள்.

கட்டிடக்கலை பற்றிய பேச்சில் இன்று 'சமுதாயத் தேவை', 'நல்வாழ்வு' என்கிற சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. மக்களுக்காக வடிவமைக்கிறோம், மக்களோடு சேர்ந்து வடிவமைக்கிறோம் என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் தேவை என்பது எங்கோ தயாராகக் கிடக்கிற பொருளா, போய் எடுத்துவந்து வரைபடத்தில் ஒட்டிவிட? யாருடைய தேவை தேவையாக அங்கீகாரம் பெறுகிறது, யாருடையது 'ஆக்கிரமிப்பு' என்றும் 'பழைய பழக்கம்' என்றும் ஒதுக்கப்படுகிறது என்கிற இடத்தில்தான் அதிகாரம் வேலை செய்கிறது. வெளி என்பது முன்னாலேயே இருக்கிற காலிப் பாத்திரமல்ல, சமூக உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என்று ஹென்றி லெஃபெவர் 1974இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அதைப் பாரிஸ் நகரத்தை வைத்து விளங்கிக்கொள்வதைவிட ஒரு பட்டுத்தறியை வைத்து விளங்கிக்கொள்வது நமக்குச் சுலபம்.

குழித்தறிக்கு முதலில் மண் வேண்டும். பட்டு இழை வறண்ட சூட்டில் பட்டுப்பட்டென்று அறும். மண்ணுக்குள் இறங்கிய குழியின் ஈரம்தான் பாவைப் பதமாக வைத்திருக்கிறது. அடுத்தது நீளம். தறி, நெய்கிறவர், எதிரே இழுத்துக் கட்டிய பாவு எல்லாம் சேர்ந்து ஓர் அறையின் முழு நீளத்தையும் தின்னும். ஜரிகைப் பேட்டுக்கு ஜக்கார்டு பெட்டி வைத்திருந்தால் அது தறிக்கு மேலே உட்காரும், ஆகவே கூரை உயரமும் வேண்டும். கோர்வைப் புடவையா, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. இந்தப் பக்கமிருந்து வீசுகிற கரை நாடாவை வாங்கித் திருப்பித் தர மறுபக்கம் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். அதற்கும் இடம். இதற்கெல்லாம் மேலே, இழைக்கு இழை நிறம் பிரித்துப் பார்க்க முற்றத்து வெளிச்சம். குறுகலான முகப்பும் உள்ளே நீண்டுகொண்டே போகிற உடலும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரும் நடுவில் ஒரு முற்றமும் கொண்ட நெசவாளி வீடு யாரோ அழகுணர்ச்சியில் வரைந்ததல்ல. தறி தன் அளவுக்கு ஒரு வீட்டைத் தைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

வீட்டோடு அது நிற்பதுமில்லை. இரண்டு மூன்று புடவைக்கான பாவை எந்த வீட்டுக்குள்ளும் நீட்ட முடியாது. அதனால் விடியற்காலையில் தெருவே தொழிற்கூடமாகிறது. தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை பிடிக்காமல் இது நடக்காது. அவர் பாவுக்கு இவர் போக வேண்டும். 'சமுதாய வெளி' என்று நிபுணர்கள் சிமெண்டு பெஞ்சும் புல்தரையும் போட்டு உண்டாக்கப் பார்க்கிறார்களே, அது இங்கே ஒரு வேலையின் உபவிளைவாகத் தானே கிடைக்கிறது. வேலை போனால் அதுவும் போகும்.

இந்தத் தெருக்களை மெச்சிய வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. 1914-15இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ். பெரிய கோயில்கள், எண்ணற்ற சிறு கோயில்கள், விசாலமான தெரு, தோட்டம், குளம் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து நிற்கிற முழுமையான நகர அமைப்பாகக் காஞ்சியைக் கண்டு மகிழ்ந்தார். சந்துகளை இடித்து நேர்ரோடு போடுவதையே நகர சீர்திருத்தம் என்று நம்பிய காலத்தில், இடிக்காதே, நடந்து பார், வீடு வீடாகக் கணக்கெடு, குறைந்தபட்சம் எங்கே கை வைத்தால் போதும் என்று கண்டுபிடி என்று சொன்ன மனுஷன். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு கேள்வி. அந்தத் தெருக்கள் அவ்வளவு அகலமாக இருப்பது யாருக்காக? தேருக்காக. மாடவீதியின் அகலத்தைத் தீர்மானித்தது சுவாமியின் வாகனம். ஆண்டில் சில நாள் தேரும் வாகனமும் போகிற தெருவில் தினந்தோறும் பாவை நீட்டி அதைத் தன் உற்பத்தி வெளியாக மாற்றிக்கொண்டது நெசவாளி. வரைந்தவன் நினைக்காத உபயோகம் அது. ஒரு வடிவமைப்பு சமுதாயத்துக்குப் பயன்பட்ட கதை என்றால் காஞ்சியில் இதுதான். வடிவமைத்தவருக்கு அதில் பங்கில்லை.

சமுதாயம் என்ற சொல்லையும் அப்படியே விழுங்க முடியாது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பது, கச்சிப்பேட்டில் நெசவாளர் குடியிருப்புகளைப் பற்றிப் பேசுகிறது. அங்கிருந்த பட்டசாலி நெசவாளர்களுக்கு ஊரகத்துக் கோயிலின் பொருள் நிர்வாகத்தில் பொறுப்பு தருகிறது. பத்தாம் நூற்றாண்டு. குடியிருப்பைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகச் 'சேரி' வழங்கிய காலம். அந்தச் சொல் எங்கிருந்து எங்கே தள்ளப்பட்டது என்பதே ஒரு நகரத் திட்டத்தின் வரலாறு. கரூர்க் கல்வெட்டு ஒன்றில் கம்மாளர்கள் இரட்டைச் சங்கு ஊதவும் செருப்புப் போடவும் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் சோழ அரசனின் ஆணை வேண்டியிருந்தது. வீட்டுக்குச் சாந்து பூசக்கூட அனுமதி! நம் மரபான கட்டிடக்கலையில் காற்றோட்டம், சூழலியல், ஞானம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துப் பரவசப்படுகிற நண்பர்கள் இந்தச் சாந்தையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். செங்குந்தர் தெரு, சாலியர் தெரு, சௌராஷ்டிரர் தெரு என்று பிரிந்து நிற்கும் அழகிய வரிசைக்குள் இடம் கிடைக்காதவர்கள் யார், கெடிஸ் பாராட்டிய அந்த இசைவான முழுமைக்கு வெளியே யார் நின்றார்கள் என்று கேட்காமல் காஞ்சியின் தெருவைப் பற்றி ஒருவரும் பேசக் கூடாது. பட்டுத்தறி பரம்பரை நெசவுச் சாதிகளைத் தாண்டிச் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் பரவி வெகுகாலமாகிறது. பெரிய கூடமும் முற்றமும் வைத்த வீடு அவர்கள் எத்தனை பேருக்கு உண்டு?

அரசு என்ன செய்தது? ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். 1953இல் தி.மு.க. தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் கூவி விற்றார்கள்; அண்ணாவே காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணாவின் வாசகத்தையே முழக்கமாகக் கொண்டு 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1980களின் நடுவில் மைய அரசு பணிக்கூடத்தோடு சேர்ந்த வீட்டுத் திட்டம் ஒன்றை நெசவாளர்களுக்கென்றே அறிவித்தது. வீடும் வேலையும் ஒரே கூரையின் கீழ் என்பதை ஓர் அரசுத் தாள் ஒப்புக்கொண்டது என்ற அளவில் அது முக்கியம். பிறகு 2011இல் தமிழ்நாட்டில் 300 சதுர அடியில் பசுமை வீடுகள். 2015இல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம், நலிந்த பிரிவினருக்கு 30 சதுர மீட்டர் வரை. தானே கட்டிக்கொள்கிறவருக்கு மானியம் என்றால் முதலில் மனை அவர் பேரில் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் தறி போட்டிருப்பவர், முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு உட்காருகிறவர், இவர்களெல்லாம் அந்த விண்ணப்பப் படிவத்தின் முதல் கட்டத்திலேயே கீழே விழுந்துவிடுகிறார்கள். இந்த எண்கள் எப்படி வந்தன என்றும் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் படுக்க, சமைக்க, குளிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று யாரோ கூட்டிப் போட்ட கணக்கு. மனிதன் சாப்பிட்டுத் தூங்குகிற பிராணி. அவன் உழைப்பது வேறெங்கோ, தொழிற்சாலையிலோ ஆபீசிலோ. வீட்டிலேயே உழைக்கிறவன் இந்தக் கணக்கில் பிறக்கவேயில்லை.

இந்தக் கணக்கு கான்கிரீட்டில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்கு வெளியே கீழ்கதிர்பூருக்குப் போகலாம். வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களை மாற்றுவதற்காக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் அங்கே கட்டப்பட்டன. (கட்டிய வாரியத்துக்கு 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. 'குடிசை' போய் 'வாழ்விடம்' வந்தது. வாழ்வில் தறி சேருமா என்பது பெயரில் தெரியவில்லை.) வெள்ளத்தில் மிதக்கிற கரையிலிருந்து ஜனங்கள் நகர வேண்டும் என்பதை மறுக்க முடியாது, ஆற்றங்கரைக் குடிசையைக் காவியமாக்குவது அயோக்கியத்தனம். ஆனால் அங்கே போகிறவர் நெசவாளியாக இருந்தால்? மூணாவது மாடியில குழி வெட்ட முடியுமா? வெட்டினால் ரெண்டாவது மாடிக்காரன் தலையில இறங்கும். மாடி எண் என்பது வெறும் முகவரியல்ல, குழித்தறிக்கு விதித்த தடை. தடை என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, தளத்தின் கனமே அதைச் செய்துவிடுகிறது. அதிகாரம் இப்போதெல்லாம் ஆணை போடுவதில்லை, அளவு போடுகிறது.

வேடிக்கை என்னவென்றால் அதே கீழ்கதிர்பூரில்தான் அண்ணா பெயரில் 75 ஏக்கரில் கைத்தறிப் பட்டுப் பூங்காவும் பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு எழுந்தது. ஒரு பக்கம் தறியில்லாத வீடு, ஒரு பக்கம் வீடில்லாத தறி. இரண்டும் ஒரே கிராமத்தில். வீட்டையும் தறியையும் தனித்தனியாகப் பிரித்துத் தனித்தனித் துறைக்குக் கொடுத்தாயிற்று. குழித்தறிதான் வேண்டும் என்று ஏன் அடம், சட்டத்தறி போட்டால் மாடியிலும் நெய்யலாமே என்று கேட்பார்கள். நெய்யலாம். கூரை உயரம் இடிக்கும், தளம் அதிரும், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், கான்கிரீட்டின் சித்திரை வெக்கையில் இழை அறும். இவற்றுக்கெல்லாம் தொழில்நுட்ப விடை இருக்கக்கூடும். அந்த விடையைத் தேடும் செலவை யார் ஏற்பது என்றால் மட்டும் எல்லோரும் நெசவாளியைக் காட்டுகிறார்கள்.

எகிப்தில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, நம்மூர் சுற்றுச்சூழல் கட்டிடக்கலைஞர்கள் கும்பிடுகிற ஹசன் ஃபாத்தியின் கையாலேயே. லக்சருக்கு எதிரே பழைய கல்லறைகளின் மேல் வீடு கட்டி வாழ்ந்த குர்னா மக்களை இறக்கிக் கொண்டுவர, 1945இல் தொடங்கி அவர் புதுக் குர்னாவைக் கட்டினார். பச்சை மண்கல், வளைவுக் கூரை, குவிமாடம், சந்தை, பள்ளிக்கூடம், மசூதி. அரசு எஞ்சினியரின் தீப்பெட்டி வீடல்ல, மனசு வைத்துச் செய்த வேலை. ஜனங்கள் வரமாட்டோம் என்றார்கள். அவர்களுடைய பிழைப்பு கல்லறைகளோடும் அவற்றைப் பார்க்க வருகிற பயணிகளோடும் பின்னிக் கிடந்தது. ஊர் பாதியில் நின்றுபோயிற்று. ஃபாத்தியின் தோல்வியைச் சொல்லி மகிழ்வது என் நோக்கமல்ல. மண்சுவரா கான்கிரீட்டா என்ற சர்ச்சை இரண்டாம்பட்சமானது என்பதற்காகச் சொல்கிறேன். பிழைப்பை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எடுத்து வைத்தால் எந்தச் சுவரும் நிற்காது. நம்முடைய லாரி பேக்கர் ரசிகர்கள் ஜாலிச் சுவரைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் கால்வாசியைக் கூலி பற்றிப் பேசுவதற்கு ஒதுக்கினால் நன்றாயிருக்கும்.

அப்படியானால் பழைய வீடே சொர்க்கம் என்று முடித்துவிடலாமா? முடியாது. இங்கேதான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள்.

அந்தக் கூடத்தில் தறிக்குத்தான் முதல் உரிமை. மிச்சமிருக்கிற இடத்தில் மனுஷர்கள் படுக்கிறார்கள். தார் சுற்றுவது, அறுந்த இழை முடிவது, தீர்ந்த பாவோடு புதுப் பாவைப் பிணைப்பது, நடுநடுவே அடுப்பு, குழந்தை, தண்ணீர் எல்லாம் பெண்கள் கையில். நெய்கிறவர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். கூலி புடவைக்கு இவ்வளவு என்று வருகிறது. ஒரு புடவைக்குள் எத்தனை பேருடைய எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. வீடும் தொழிற்கூடமும் ஒன்றாக இருப்பதன் அழகைப் பேசுகிறவர்கள், அந்த ஒன்றாக இருத்தல்தான் பெண்ணுழைப்பை 'வீட்டு வேலை'யாகக் கரைத்துக் காணாமற் போகச் செய்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்னொன்று இதைவிடக் கொடுமையானது. கோர்வைக்கு மறுபக்கம் உட்கார ஆள் வேண்டுமென்றேனே, அந்த ஆள் எத்தனையோ வருஷங்களாக ஒரு குழந்தை. காஞ்சிபுரத்துப் பட்டில் குழந்தைக் கொத்தடிமை பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை வரைக்கும் இது உலகறிந்த சங்கதி. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் அபாயகரமான தொழில்களில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்றது. கூடவே, குடும்பத்தினர் உதவியோடு நடத்துகிற பணிக்கூடத்துக்கு இது பொருந்தாது என்றும் சொன்னது. 2016இல் திருத்தினார்கள். அப்போதும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்ற சந்து திறந்தே இருக்கிறது. சட்டம் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொள்கிறது. ஆக, வீட்டுச் சுவர் வெறும் சுவரல்ல, சட்டத்தின் எல்லைக்கோடு. கல்யாணத்தில் கூறைப்புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர்கள் அந்தக் கோர்வையின் இரண்டு பக்கத்தையும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே தறியை வீட்டைவிட்டு வெளியேற்றிப் பொதுக்கூடத்தில் வைப்பதுதான் முற்போக்கு என்று ஒரு தோழர் வாதிடக்கூடும். வாதத்தில் பலமிருக்கிறது. கூடத்தில் நேரம் தெரியும், கூலி தெரியும், குழந்தை உட்கார்ந்திருந்தால் கண்ணில் படும், சங்கம் கட்டுவது சுலபம். ஆனால் பஸ் ஏறிப் போக வேண்டிய பூங்காவுக்குக் கைக்குழந்தைக்காரி எப்படிப் போவாள்? அந்தக் கூடத்தில் ஆண்தான் உட்காருவான், அவள் தார் சுற்றியது அப்போதும் வீட்டிலேயே இலவசமாக நடக்கும். என்னைக் கேட்டால் பிரச்சினை வீடா கூடமா என்பதல்ல. தூரம். ஒரு தெருவுக்கு ஒரு சிறு தறிக்கூடம், கூப்பிடு தொலைவில், சாவி கூலி நெசவாளிகள் கையில். சொந்தத் தறியில்லாதவர் அங்கே நெய்யட்டும், பெண்கள் தங்கள் பேரில் கணக்கு வைத்து நெய்யட்டும். வீட்டில் தறி வேண்டுமென்கிறவருக்குத் தரைத்தளம் உரிமையாகக் கிடைக்கட்டும். அடுக்குமாடி கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தரைத்தளத்தைத் தறிகளுக்கு விட்டு மேலே குடியிருப்பு வை. இதற்கு ஒன்றும் பெரிய மேதைமை தேவையில்லை. பாவு நீட்ட ஒரு நீண்ட நிழல்தெருவையும் வரைபடத்தில் விடு. கார் நிறுத்த இடம் விடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

தெரியும். ஆனால் காஞ்சிபுரத்தில் 'பாதுகாக்க' வேண்டியது எது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. 2015 ஜனவரியில் மத்திய அரசு பாரம்பரிய நகரங்களுக்கென்று 'ஹிருதய்' திட்டத்தை அறிவித்து 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்தபோது காஞ்சியும் அதில் ஒன்று. 2019 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. பாரம்பரியம் என்றால் அந்த அகராதியில் முதலில் கோயில், குளம், யாத்திரை. அதே 2019இல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்கள் வரிசைத் தடுப்புகளாக மாறின. தெரு மறுபடியும் தன்னுடைய பழைய சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. தேருக்கு விட்ட தெருவில் நெசவாளி குடிவந்தவன்தான், குத்தகைக்காரன்தான் என்று ஞாபகப்படுத்தியதுபோல.

இத்தனை பெரிய திட்டங்களுக்கு நடுவில், நெசவாளியின் நல்வாழ்வை நேரடியாகத் தீர்மானிக்கிற வடிவமைப்பு முடிவு ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கட்டிடக்கலைஞரும் எடுப்பதில்லை, ரோடு காண்டிராக்டர் எடுக்கிறார். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் நிற்கும். சில வீடுகளில் அடியிலிருந்தே ஊறும். குழி காய்கிறவரை வேலையில்லை, வேலையில்லாத நாளுக்குக் கூலியில்லை. தறியில் ஏற்றிய பாவு நனைந்தால் அந்த நஷ்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மழைக்கால நிவாரணம் கேட்டு நெசவாளர் சங்கங்கள் மனுக் கொடுப்பது வருஷாவருஷம் நடக்கிற சடங்காகிவிட்டது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய ரோட்டின் மேலேயே ஒரு படுகை ஏற்றுகிறார்கள். தெரு உயர்கிறது, வீடு உட்காருகிறது. திண்ணையில் ஏறி வீட்டுக்குள் நுழைந்த காலம் போய், இறங்கி நுழைகிற வீடுகள் ஆகிவிட்டன. தெருத்தண்ணீருக்கு ஊரிலேயே தாழ்ந்த இடம் தறிக்குழிதான். 2021 மே மாதம் தலைமைச் செயலாளர், பழைய தார்ப்படுகையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டுமென்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. அதே ஆண்டில் காஞ்சிபுரம் மாநகராட்சியும் ஆயிற்று.

உத்தரவு தெருவுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்கக் கெடிஸ் சொன்ன வழியே போதும். ஐப்பசிக்கு முன்னால் பிள்ளையார்பாளையத்தில் தெருத் தெருவாக நடந்து, வீட்டுக்கு வீடு மூன்று அளவு எடுக்க வேண்டும்: ரோட்டு மட்டம், வாசற்படி மட்டம், குழியின் ஆழம். அளவுநாடா ஒன்று, நோட்டுப் புத்தகம் ஒன்று. சங்கத் தோழர்கள் பத்துப் பேரும், அவர்களோடு அந்தந்தத் தெருவில் தார் சுற்றுகிற பெண்களும் வந்தால் ஒரு தெருவை ஒரு காலையில் முடிக்கலாம். எந்த வீட்டுக் குழி எந்த மழையில் நிறைந்தது என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். தண்ணீரை மொண்டு வெளியே கொட்டியவர்கள் அவர்கள்.